விலை படியாத தங்கம்

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு அக்டோபரில், மினசோட்டா மாநிலத்தின் எல்ஸ்டாட் ஊரில், ஆர்டிஸ் ஸ்கோக் என்பவருக்குச் சொந்தமான ஐம்பது கிராம் பழைய தங்கம், சொன்ன விலை கட்டுப்படியாகாததால் மேஜையை விட்டு எழுந்திருக்க மறுத்தது. அந்த வாரம் பெட்ரோல் காலனுக்கு இரண்டு டாலர் எண்பது சென்ட். சோளம் புஷலுக்கு ஐந்து டாலரைத் தாண்டியிருந்தது. தங்கம் இதுவரை காணாத உச்சத்தில் இருப்பதாகத் தொலைக்காட்சி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அதைத் தங்கமும் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்பது பிற்பாடு ஊரில் ஏற்பட்ட கருத்து.

எங்கள் ஊரில் பேரம் பேசும் வழக்கம் கிடையாது. நார்வேயிலிருந்து கப்பலேறி வந்த முன்னோர்கள் அதைக் கப்பலிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்கள். காபி வேண்டுமா என்று கேட்டால் மூன்று முறை வேண்டாம் என்று சொல்லி, நான்காவது முறை அரைக் கோப்பை மட்டும் என்பதுதான் முறை. தட்டில் கடைசியாக எலுமிச்சை இனிப்புத் துண்டான லெமன் பார் ஒன்று மிஞ்சினால் அதை முழுதாக யாரும் எடுப்பதில்லை. ஒருவர் பாதி வெட்டி எடுப்பார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி எடுப்பார், கூட்டம் கலையும்போது ஒரு துணுக்கு கிடக்கும், அதையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஃப்ரிஜ்ஜில் வைப்பார்கள். களஞ்சியம் எரிந்தாலும் ‘இதைவிட மோசமா ஆகியிருக்கலாம்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிற ஜனம். கண்டனம் என்று எங்களிடம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: ‘அது கொஞ்சம் வேற மாதிரி இருக்கு.’ அதையும் கண்டபடி செலவழிப்பதில்லை. கடைசியாக அது வாய்விட்டுச் சொல்லப்பட்டது எண்பத்தேழில், புதிதாக வந்த பாதிரியார் ஈஸ்டர் ஆராதனைக்குக் கிதாரோடு வந்து நின்றபோது. அவர் ஜூன் மாதத்துக்குள் நெப்ராஸ்காவுக்குப் போய் இன்ஷூரன்ஸ் விற்க ஆரம்பித்துவிட்டார்.

ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் சமையல் பார்ப்பவர். அவருடைய கணவர் டுவேன், தனக்கு ஸ்னோமொபைல் விற்ற பெண்ணோடு, அந்த ஸ்னோமொபைலையும் ஏற்றிக்கொண்டு அரிசோனாவுக்குப் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அந்தப் பாலைவனத்தில் பனிவண்டியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்பதற்கு ஊரில் இன்னும் விடையில்லை. டுவேன் விட்டுப்போனவை கல்யாண மோதிரம், எழுபத்தொன்றில் உயர்நிலைப் பள்ளி முடித்ததற்காக அவர் வாங்கிய தடித்த மோதிரம், அவருடைய அம்மாவின் கைச்சங்கிலி. செப்டம்பரில் ஆர்டிஸின் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோனது. பழுது பார்க்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சாவு வீட்டில் செய்வதுபோலத் தொப்பியைக் கழற்றினார். புதிது பொருத்த இரண்டாயிரத்து நானூறு. ஆர்டிஸிடம் இருந்ததற்குமேல் இன்னும் தொள்ளாயிரத்து ஐம்பது வேண்டும். நவம்பருக்குள் அது கிடைக்காவிட்டால் குழாய்கள் உறைந்து வெடிக்கும், சுவரெல்லாம் பனிக்கட்டியாகும். எங்கள் பக்கத்தில் ஒரு வீடு செத்துப்போவது அப்படித்தான்.

இந்தச் சமயத்தில்தான் க்ளாரிஸ் டால் தங்க விருந்து வைத்தார். க்ளாரிஸ் வங்கி மேலாளரின் மனைவி. ஊரில் எதற்கெல்லாம் தலைவி வேண்டுமோ அதற்கெல்லாம் தலைவி. அந்த வருடம் நாடு முழுக்க இந்த விருந்துகள் நடந்தன. ஒரு வீட்டில் பெண்கள் பழைய நகைகளோடு கூடுவார்கள், வெளியூரிலிருந்து ஒரு வியாபாரி தராசோடு வந்து வாங்கிக்கொள்வார், வீட்டுக்காரிக்குப் பத்து சதவீதம். க்ளாரிஸ் தன் பத்து சதவீதத்தைத் தேவாலயத்தின் மணிக்கோபுரத்துக்கு எழுதிவைத்துவிட்டார். ஆகவே விலை போதாது என்று சொல்கிறவர் கடவுளின் கோபுரத்திலிருந்து செங்கல் உருவுகிறவர் என்றாயிற்று. தேவாலயத்துப் பாதிரியாரான பாஸ்டர் எங்கன் நேரில் வந்து தராசை ஆசீர்வதித்தார்.

வியாபாரி மினியாபொலிஸிலிருந்து வந்த ப்ரென்ட் லாக்வுட், முப்பது வயது. அவருடைய பெயர் அட்டையில் ‘உயர்மதிப்பு உலோக ஆலோசகர்’ என்று எழுத்துகள் மேடாகப் பொறிக்கப்பட்டிருந்தன. தங்கத்தை அவர் தங்கம் என்று சொல்லமாட்டார், ‘சொத்து வகை’ என்பார். அவருடைய தொழில் எளிமையானது. பத்து காரட், பதினான்கு காரட், பதினெட்டு காரட் எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டுப் பத்து காரட் விலை வைப்பார். எடையை, ஒன்றரை கிராமுக்குச் சற்று மேலே வரும் பென்னிவெயிட் என்ற பழைய அளவில் போடுவார். விலையை மட்டும் கிராமுக்குச் சொல்வார். மிச்சத்தில் உருக்குச் சேதாரம் என்று ஒரு பங்கு கழிப்பார். ஒன்பது பெண்கள் அவர் நீட்டியதை வாங்கிக்கொண்டு, ரொம்ப நன்றி, இவ்வளவு எதற்கு, என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். பத்தாவது ஆர்டிஸ். உலோகத்தின் மதிப்பே ஆயிரத்து நூறு டாலருக்கு மேல் போகும் நகைகளுக்கு ப்ரென்ட் இருநூற்று எண்பது என்றார்.

“பரவாயில்ல, அது போதும்” என்றார் ஆர்டிஸ். தட்டிலிருந்து பாதி லெமன் பாரை வெட்டி எடுத்துக்கொண்டார்.

பணம் கைமாறியது. ப்ரென்ட் நகைகளை அள்ளிப் பையில் போடக் கையை வைத்தார். அவை வரவில்லை. சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் இழுத்தார். பிறகு சிரிக்காமல் இழுத்தார். மேஜையின் கால்கள் க்ளாரிஸின் புது வெள்ளைக் கம்பளத்துக்குள் மெல்ல இறங்கின.

“ஐயோ, மன்னிச்சுக்குங்க தம்பி. இதுக்கு இந்த மாதிரிப் பழக்கமே கிடையாது” என்று ஆர்டிஸ் கூசிப்போய், நகைகளை இரண்டு விரலால் லேசாக எடுத்து, “இந்தாங்க” என்று அவர் உள்ளங்கையில் வைத்தார். ப்ரென்ட்டின் கை நேராகத் தரைக்குப் போனது, பின்னாலேயே ப்ரென்ட்டும் போனார். ஆர்டிஸ் நகைகளை எடுத்து மறுபடி மேஜையில் வைத்த பிறகுதான் அவரால் எழுந்திருக்க முடிந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

ப்ரென்ட் கெட்டிக்காரர், காரணம் சீக்கிரமே பிடிபட்டது. “சரி மேடம், முன்னூத்தி இருபது” என்றார். தங்கம் ஒரு மயிரிழை அசைந்தது.

“எதுக்குங்க அவ்வளவு? இருநூத்தி எண்பதே ஜாஸ்தி. இருநூத்தி அறுபது குடுங்க, போதும்” என்றார் ஆர்டிஸ். மேஜையின் ஒரு கால் முறிந்து நகைகள் கம்பளத்தில் விழுந்தன.

“நான் ஏத்திக் குடுக்குறேன்கறேன், நீங்க இறக்கிக் கேக்குறீங்களே!”

“அது மரியாதையில்லீங்களே.”

விற்பவர் விலையைக் குறைக்க, வாங்குபவர் கூட்ட, தங்கம் இருவரையும் பொருட்படுத்தாமல் கம்பளத்தைக் கிழித்துக்கொண்டு தரைப் பலகைக்குள் இறங்கியது. அதற்குள் வாசலில் இன்னொரு சத்தம். மற்ற ஒன்பது பேரின் தங்கம் ஏற்கெனவே பையில் கட்டப்பட்டு ப்ரென்ட்டின் காரின் பின்பெட்டியில் இருந்தது. செய்தி எப்படியோ அங்கேயும் எட்டி, காரின் பின்பக்கம் தரையில் அமுங்கி, முன்பக்கம் பிஸ்கட்டுக்குக் கெஞ்சும் நாயைப்போல வானத்தைப் பார்த்து நின்றது. தானிய லாரிகளைத் தூக்கும் ஜாக்கியோடு ஊர் மெக்கானிக் ஆர்வல் டுவைட் வந்தார். ஜாக்கி வளைந்துபோனது. ஜாக்கியின் சார்பில் ஆர்வல் மன்னிப்புக் கேட்டார்.

தங்கத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். போதும் என்று சொன்ன பிறகு பின்வாங்குவது எங்கள் ஊரில் கொள்ளையடிப்பதற்கு அடுத்த படி. ஆர்டிஸ் எடுத்துப் போகவில்லை, எடுத்துப் போ என்று சொல்ல க்ளாரிஸுக்கும் வாய் வரவில்லை. நிறுவனத்தின் பணத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப ப்ரென்ட்டாலும் முடியவில்லை. அவர் க்ளாரிஸ் வீட்டு விருந்தினர் அறையில் தங்கினார். ஊர் முறைவைத்து அவருக்குச் சோறு போட்டது. உருளைக்கிழங்கு உருண்டைகள் அடுக்கிய ஹாட்டிஷ் என்ற இறைச்சிப் பதார்த்தம் நாளுக்கு ஒன்று வந்தது. தேவாலயக் குழு கூடி, தங்கத்தின் நடத்தைக்கு வருத்தம் தெரிவித்து அவருக்குக் கடிதம் கொடுத்தது. பாஸ்டர் எங்கன் ‘பாரமும் பெருமையும்’ என்ற தலைப்பில் பிரசங்கம் செய்து, சில உலோகங்கள் தம்மைப் பற்றி அளவுக்கு மீறி நினைத்துக்கொள்வதாக வருந்தினார். இதற்கிடையே நகைகள் குழிக்குள் தாமாகவே தரம் பிரிந்துகொண்டன. கல்யாண வீட்டில் லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் உட்காருவதைப்போல, பத்து காரட் மோதிரம் ஒரு பக்கமும் பதினான்கு காரட் உருப்படிகள் மறுபக்கமும் நடுவில் மரியாதையான இடைவெளி விட்டுக் கிடந்தன.

ஆர்டிஸ் தினமும் வேலை முடிந்து மன்னிப்புக் கேட்க க்ளாரிஸ் வீட்டுக்கு வந்தார். அங்கே சூடாகவும் இருந்தது.

“உன் வீட்ல எப்படி இருக்கு, குளிரா?” என்று க்ளாரிஸ் கேட்டார்.

“ரொம்பவெல்லாம் இல்ல. கோட்டு போட்டுக்கிட்டுத் தூங்குறேன், அவ்வளவுதான்.”

“டுவேன்கிட்ட பணம் கேக்கலாமே.”

“அவன் கஷ்டம் அவனுக்கு. அங்க ஸ்னோமொபைல் ஓடாதுல்ல?”

நவம்பர் நடுவில் ஒரு காலை, ஆர்டிஸின் சமையலறைக் குழாயிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பனிக்குச்சி தொங்கியது. பாத்திரம் துடைக்கும் துணி பலகை மாதிரி நின்றது. சுவருக்குள் குழாய் முனகும் சத்தம் கேட்டது. ஃபர்னஸ்காரரைக் கூப்பிட்டதில், இன்னும் இரண்டு நாள் தாங்கினால் பெரிது என்றார். அன்று ஆர்டிஸ் நேராக க்ளாரிஸ் வீட்டுக்கு வந்தார். ஒன்பது பெண்களும் பாஸ்டரும் காபியோடு இருந்தார்கள். ஒரு மாத ஹாட்டிஷில் கழுத்து காணாமல் போயிருந்த ப்ரென்ட், எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“மேடம், நான் இதைக் கவனமா யோசிச்சுப் பார்த்தேன். உலகச் சந்தையோட போக்கு, உருக்குச் சேதாரம், எங்க நிறுவனத்தோட சமூகப் பொறுப்பு, எல்லாத்தையும் எடை போட்டாச்சு. உங்களை மாதிரி எளிமையான ஜனங்க மேல எனக்குத் தனி மதிப்பு உண்டு. அதனால விதியெல்லாம் தள்ளி வெச்சிட்டு, என் சொந்தப் பெருந்தன்மையில, எழுநூறு டாலர்.”

பாஸ்டர் தலையாட்டினார். பரவாயில்ல என்று சொல்ல ஆர்டிஸ் வாயைத் திறந்தார். வார்த்தைக்கு முன்னால் அவருடைய மூச்சு வெள்ளையாக வந்தது. க்ளாரிஸ் வீட்டின் கதகதப்பில், காபி ஆவி பறக்கும் அறையில், அது கலையாமல் ப்ரென்ட்டின் முகத்துக்கு நேரே தொங்கியது. ஆர்டிஸ் அதைப் பார்த்தார். ஒன்பது வருடத்தையும் பார்த்திருப்பார் என்று சிலர் சொல்கிறார்கள். ஆர்டிஸ் அப்படி எதுவும் சொன்னதில்லை.

“அது...” என்றார் ஆர்டிஸ். “அது கொஞ்சம் வேற மாதிரி இருக்கு.”

யாரோ ஒருவரின் கரண்டி கீழே விழுந்தது. பாஸ்டர் எங்கன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார், மேற்கொண்டு பார்க்க விரும்பாதவர்போல. ஊர்க்காரர் அல்லாத ப்ரென்ட்டுக்கு அந்த வாக்கியத்தின் கனம் புரியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு வந்த மௌனம் புரிந்தது. எங்கள் ஊர் மௌனத்தை அதற்குமுன் அவர் கேட்டதில்லை. க்ளாரிஸ் டால் எழுந்தார். ஊரின் அத்தனை தலைவியும் ஒருசேர எழுந்ததுபோல இருந்தது. நேராக ப்ரென்ட்டிடம் போய், அவர் முன்னால் இருந்த லெமன் பார் தட்டை, அதில் நான்கு முழுத் துண்டுகள் இருக்கும்போதே, எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“எண்ணூறு” என்றார் ப்ரென்ட். குழிக்குள் ஏதோ கிணுகிணுத்தது. “எண்ணூத்தி ஐம்பது. தொள்ளாயிரம். மேடம், ஏதாவது சொல்லுங்க.” ஆர்டிஸ் தன் கையுறையின் நூல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொள்ளாயிரத்து ஐம்பதில் நகைகள் கம்பளத்தின் விளிம்புக்கு வந்தன. தொள்ளாயிரத்துத் தொண்ணூறு என்றதும் தரையை விட்டுக் கிளம்பி, இரண்டு அங்குல உயரத்தில், எடுத்துக்கொள் என்பதுபோல நின்றன. ப்ரென்ட் கையை நீட்டினார், உள்ளங்கையில் ஐம்பது கிராமாகவே உட்கார்ந்தன. அதற்குமேல் ஒரு டாலர்கூட அவை கேட்கவில்லை. ப்ரென்ட்டுக்கும் நூறு டாலருக்கு மேல் லாபம் நின்றது. என்ன இருந்தாலும் எங்கள் ஊர்த் தங்கம்.

மறுநாள் மாலைக்குள் ஒன்பது பெண்களும் ஒருவர் பின் ஒருவராக வாசலுக்குப் போய், காரின் பின்பெட்டியைப் பார்த்து அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். ஒருத்தி மட்டும், சொன்ன கையோடு, தப்பா எடுத்துக்காதீங்க என்றாள். ப்ரென்ட் கொடுத்தார், காரின் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. மொத்தத் தொகை கூடியதால் பத்து சதவீதமும் கூடி, மணிக்கோபுரம் திட்டத்தைவிட ஆறு அடி உயர்ந்தது. பாஸ்டர் பழைய பிரசங்கத்தையே ‘நியாயமான தராசு’ என்று தலைப்பை மாற்றி மறுபடியும் வாசித்தார். இரண்டு முறையும் நன்றாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். ஆர்டிஸின் புது ஃபர்னஸ் அந்த வியாழக்கிழமை சூடு தர ஆரம்பித்தது.

ப்ரென்ட் இப்போதும் ஒவ்வொரு அக்டோபரிலும் வருகிறார். கிராமில் எடை போடுகிறார், காரட்டைப் பிரித்து வைக்கிறார், சேதாரம் பற்றிப் பேசுவதில்லை. யாராவது பழைய வழக்கத்தில் போதும் போதும் என்றால், தங்கம் எழும்வரை காபி குடித்தபடி காத்திருக்கிறார். க்ளாரிஸ் வீட்டுக் கூடத்தின் குழி அப்படியேதான் இருக்கிறது. அதன்மேல் ஒரு பூந்தொட்டி. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. போன வசந்தத்தில் ஜன்னல் மாற்றித்தரும் நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து, சலுகை விலை, இன்று மட்டும், என்று ஒரு தொகையைச் சொன்னார். க்ளாரிஸ் அவருக்குக் காபி ஊற்றினார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, பூந்தொட்டியை நகர்த்திக் குழியைக் காட்டினார்.