குளிர்கால இடி

சிவப்புக் குடைக்குள் நடந்துகொண்டிருந்த யின்ஹுவாவுக்கு மனம் நிலைகொள்ளவில்லை. இரண்டு முறை தள்ளிப்போன கல்யாணம் இது. முதல் வருஷம் மாப்பிள்ளை வீட்டில் சாவு. அடுத்த வருஷம் சுவடி பார்க்கிறவர் நல்ல நாளே இல்லை என்று கையை விரித்துவிட்டார். இன்று வழியில் இடி இடித்தால் அபசகுனம், மணப்பெண் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். திரும்பினால் அப்பா இன்னொரு நாள் பார்க்கமாட்டார். மாப்பிள்ளை தெங்கை அவருக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாது. வானமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்பார், அதோடு முடிந்தது.

இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் தென் சீன மலைகளில் வாழும் ஷுய் ஜனங்கள் இடி அரிதான குளிர்காலத்தில் கல்யாணம் வைக்கிறார்கள். ஆனால் குளிர்காலம் என்று வானத்துக்கு யார் போய்ச் சொல்வது?

பாதி மலை ஏறியிருப்பார்கள். வழக்கப்படி குடையில் விட்டிருந்த கிழிசல் வழியே, எதிர் மலை உச்சியில் ஒரு வெளிச்சக் கோடு இறங்குவதைப் பார்த்தாள். சற்றுப் பொறுத்து ஓர் உறுமல் கேட்டது.

கூட்டம் நின்றுவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலைக்குச் சுரங்கம் குடைகிறார்கள், பாறைக்கு வைத்த வெடிதான் என்றான் அண்ணன். தோழிகளும் ஆமாம் போட்டார்கள், அவர்களுக்குப் பசி. வழுக்குப் பாதை என்பதால் எல்லோரும் தரையைப் பார்த்தே நடந்திருந்தார்கள். முன்னால் போன சித்தப்பா மட்டும் திரும்பி வந்து குடைக்குள் குனிந்தார்.

“மின்னல் ஏதும் கண்ணுல பட்டுச்சா? மறைக்காம சொல்லும்மா. உன் வாழ்க்கைக்காகத்தான் கேக்குறேன்.”

“வெடிதான் சித்தப்பா.”

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எல்லோரையும் நடக்கச் சொன்னார்.

மாப்பிள்ளை வீடு ஆளில்லாமல் திறந்து கிடந்தது. மணப்பெண் உள்ளே நுழைகிறவரை வீட்டார் வெளியே ஒதுங்கி நிற்பது முறை. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கீரை அடைத்து வேகவைத்த மீன் எதிரே இருந்தது. ஒரு விள்ளல்கூட இறங்கவில்லை. தெரிந்தே பொய் சொல்லி வந்தாயிற்று. இந்த வீட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று மனம் அடித்துக்கொண்டது.

வீட்டார் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடைசியாக வந்த தெங்குக்குப் பேயறைந்த முகம். அவளை அடுப்படிப் பக்கம் தனியே கூப்பிட்டான்.

“தோட்டத்துல நின்னுட்டிருந்தேன். மின்னல் வெட்டுச்சு. உன்னைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருப்பாங்கன்னே நினைச்சேன். நல்லவேளை, நீ பாக்கல.”

இவனிடமும் மறைத்தால் இந்த வீட்டில் ஒரு நாள்கூட நிம்மதி இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

“பாத்தேன்,” என்றாள் யின்ஹுவா. “பாத்துட்டுத்தான் வந்தேன்.”