முப்பத்து நான்காவது வழக்கு

மோகனப்பிரியா கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் ஆண்டுத் தேர்வுகள் முடிந்திருந்தன. பட்டம் வாங்கியபின் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் "பாக்கலாம்" என்று சொல்லிவந்தாள். கல்லூரி அறிவிப்புப் பலகையில் ‘சட்டம் படிக்கலாமா? நான்கு வாரக் கோடை முகாம்’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துப் பெயர் கொடுத்தாள். கட்டணம் இல்லை, மதியச் சாப்பாடும் உண்டு என்றதும் வீட்டில் மறுப்புச் சொல்லவில்லை. அப்பா சம்பத் அண்ணனூர் பணிமனையில் மின்சார ரயில்களைப் பழுதுபார்க்கிறவர். மகள் திருநின்றவூரிலிருந்து அம்பத்தூருக்கு எந்த ரயிலில் போனால் உட்கார இடம் கிடைக்கும் என்று மட்டும் சொன்னார்.

முகாமை நடத்தியவர் கஸ்தூரி. அம்பத்தூரில் இருபது வருடமாக வக்கீல். முதல் நாளே வந்திருந்த இருபத்திரண்டு பேரையும் பார்த்து, "நாலு வாரம் முடியறப்ப உங்கள்ல பாதிப் பேர் சட்டம் வேணாம்னு முடிவு பண்ணுவீங்க. அதுக்கும்தான் இந்த முகாம்" என்றார்.

மோகனப்பிரியாவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு தீர்ப்பைக் கொடுத்து, இதில் கேள்வி என்ன, முடிவு என்ன, அந்த முடிவுக்கு எந்த வாக்கியம் காரணம் என்று கேட்பார்கள். மற்றவர்கள் முதல் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கும்போது இவள் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு முடித்திருப்பாள். மூன்று வாரமும் வாரத் தேர்வில் அவள்தான் முதல். பக்கத்தில் உட்காரும் நிர்மல் அயனம்பாக்கத்தில் அடுக்குமாடியில் இருப்பவன், அப்பா அம்மா இருவருக்கும் கணினி வேலை. "நீ பேசாம இப்பவே கறுப்புக் கோட்டு தைக்கக் குடுத்துடு" என்றான். அவளுக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது.

நான்காவது வாரம் நீதிமன்றம். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் அப்போதுதான் திறந்திருந்தார்கள். போவதற்கு முந்தின நாள் கஸ்தூரி சொன்னார்.

"நீங்க பாக்கத்தான் போறீங்க. வழக்குக்கு வந்தவங்ககிட்ட எதுவும் பேசக் கூடாது. ஏதாவது கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க. அது பொய் இல்ல. உங்களுக்கு நிஜமாவே தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அந்த உரிமையியல் நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் கூட்டம் நெரிந்தது. சுவரில் அன்றைய வழக்குப் பட்டியல் ஒட்டியிருந்தது. மோகனப்பிரியா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த அம்மாள் ஒருத்தி தோளைத் தொட்டாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் துணிப்பை.

"யம்மா, அஞ்சலைன்னு போட்டுக்கீதா பாரு. அழகேசன் போட்ட கேசு."

முப்பத்து நான்காவதாக இருந்தது. சொன்னாள்.

"இப்ப எத்தினி ஓடுது?"

"பதினொண்ணு."

அஞ்சலை சுவரில் சாய்ந்துகொண்டாள். வக்கீல் திருவள்ளூரில் வேறு வழக்குக்குப் போயிருக்கிறாராம். பெயரைக் கூப்பிட்டால் கையைத் தூக்கி, வக்கீல் வந்துகொண்டிருக்கிறார் என்று மட்டும் சொல் என்றிருக்கிறாராம். அவள் வீட்டுக்குப் போகிற ஆறடிப் பாதை தன் மனையில் வருகிறது, அதில் நடக்கத் தடை வேண்டும் என்று பக்கத்து வீட்டு அழகேசன் போட்ட வழக்கு.

"சக்கர கீதும்மா எனுக்கு. காத்தால மாத்தர போட்டுகினு வந்தேன், இன்னும் ஒண்ணும் துன்னல. கண்ணு இருட்டுது. எப்ப கூப்டுவாங்கோ?"

மோகனப்பிரியா கணக்குப் போட்டாள். காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் பதினோரு வழக்கு. ஒன்றுக்கு எட்டு நிமிடம். இன்னும் இருபத்து மூன்று வழக்கு இருக்கிறது.

"மத்தியானத்துக்கு மேலதான் வரும். நீங்க போய்ச் சாப்ட்டு வாங்க" என்றாள்.

"கண்டிப்பாவா?"

"கண்டிப்பா."

அஞ்சலை பையை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள். மோகனப்பிரியா உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் நிர்மலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பதினான்கு முடிந்தது. அடுத்து எழுத்தர் பதினைந்திலிருந்து முப்பத்திரண்டு வரைக்கும் ஒரே மூச்சில் படித்தார். எல்லாம் ஒரே நிலத்தைப் பற்றிய வழக்குகள், எல்லாவற்றிலும் அதே இரண்டு வக்கீல்கள். பதினெட்டு வழக்குக்கும் சேர்த்து ஜூலையில் ஒரு தேதி கொடுத்தார் நீதிபதி. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முப்பத்து மூன்றில் வாய்தா கேட்டார்கள், அதுவும் உடனே கிடைத்தது.

வாசலில் நின்ற டவாலி வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அஞ்சலை... அஞ்சலை... அஞ்சலை..."

மோகனப்பிரியா பாதி எழுந்தாள்.

"என்ன?" என்றான் நிர்மல்.

சாப்பிடப் போயிருக்கிறாள் என்று சொன்னால் போதும். ஆனால் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்த அறையில் பேசுவதற்குத் தான் யார் என்றும் தோன்றியது. அவள் உட்கார்ந்துவிட்டாள். நீதிபதி "ஒருதலைப்பட்சம்" என்று சொல்லி வழக்குத் தாளில் எழுதினார். முப்பத்தைந்தாவது வழக்கைக் கூப்பிட்டார்கள்.

ஒரு மணிக்கு முகாம் மாணவர்கள் கிளம்பினார்கள். கேட்டருகே அஞ்சலை தண்ணீர் பாட்டிலுடன் திரும்பி வந்துகொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் கையைத் தூக்கிச் சிரித்தாள். மோகனப்பிரியாவும் சிரித்தாள். நிற்கவில்லை.

அன்றிரவு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. கஸ்தூரி கொடுத்த தாளில் நான்கு கட்டங்கள்: வழக்கு எண், தரப்பினர், என்ன நடந்தது, ஏன். முப்பத்து நான்குக்கு ‘என்ன நடந்தது’ என்ற இடத்தில், பிரதிவாதி வரவில்லை, அவர் தரப்பைக் கேட்காமலே ஒருதலைப்பட்ச உத்தரவு என்று எழுதினாள். ‘ஏன்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. அந்தக் கட்டத்துக்கான விடை நீதிபதிக்குத் தெரியாது. டவாலிக்கும் தெரியாது. அஞ்சலைக்கேகூட முழுதாகத் தெரியாது. மோகனப்பிரியாவுக்கு மட்டும்தான் தெரியும். அதை வெறுமையாக விட்டுவிட்டு மற்றவற்றை நிரப்பினாள். பிறகு தனித்தாள் எடுத்து, நடந்ததைத் தேதி, நேரத்துடன் ஒரு பக்கத்தில் எழுதி இணைத்தாள். வீட்டில் சொல்லவில்லை.

மறுநாள் கஸ்தூரி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். தாள் மேசைமேல் இருந்தது.

"இதை நீ எழுதலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஆமா மேடம்."

"எழுதினதால விதி மாறாது. இனிமே கோர்ட்டுக்கு வர வேண்டாம். வகுப்புக்கு வரலாம்."

மோகனப்பிரியா தலையாட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. கஸ்தூரி போனை எடுத்து யாரிடமோ விசாரித்து, அஞ்சலையின் வக்கீல் யாரென்று கண்டுபிடித்தார். ஜெயராமன் என்று பெயர்.

சனிக்கிழமை மோகனப்பிரியா ஜெயராமனின் அலுவலகத்துக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அஞ்சலை ஏற்கெனவே அங்கே இருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"இதான் சார் அந்தப் பொண்ணு. சாயங்காலம் அஞ்சு மணி வரிக்கும் குந்திகினு இருந்தேன். கதவ சாத்துறப்பதான் டவாலி சொல்றாரு, உன் பேரு சாப்பாட்டுக்கு முன்னாடியே கூப்ட்டாச்சுன்னு."

"தப்பு என்னுதுதான்" என்றாள் மோகனப்பிரியா.

ஜெயராமன் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். "இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. உத்தரவை ரத்து பண்ணச் சொல்லி மனு போடுவோம். அன்னிக்கு அந்தம்மாவுக்கு மஞ்சக்காமாலை, படுத்த படுக்கையா இருந்தாங்கன்னு எழுதிடலாம். எப்பவும் அப்படித்தான் எழுதறது."

"எனுக்கு ஏது காமால?" என்றாள் அஞ்சலை.

"எழுதறதுதாம்மா. யாரும் பார்க்க மாட்டாங்க."

"நடந்ததை எழுதக் கூடாதா சார்? நான் எழுதித் தரேன்" என்றாள் மோகனப்பிரியா.

ஜெயராமன் அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை. "நடந்ததை எழுதினா நூறு கேள்வி வரும். யாரு அந்தப் பொண்ணு, அவ சொன்னா நீ ஏன் போனேன்னு கேப்பாங்க. காமாலைன்னா ஒரு கேள்வியும் வராது. பதினஞ்சு வருஷமா பாக்கறேன்."

அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம் என்று மோகனப்பிரியாவுக்குப் பட்டது. மூன்று வாரம் படித்த தீர்ப்புகளில் எத்தனை காமாலைகள் இருந்தனவோ என்றும் தோன்றியது. வழக்கு தன்னுடையது இல்லை என்பதால் அதற்குமேல் பேசவில்லை.

அஞ்சலை மடியிலிருந்த துணிப்பையைக் கீழே வைத்தாள்.

"அழகேசன் பொண்டாட்டி அன்னிக்கு என்னைக் கடையில பாத்துச்சு சார். தயிர் சாதம் துன்னுகினு கீறேன். அவ போயி கோர்ட்டாண்ட சொன்னா? காமால வந்தவ கடையில இன்னா பண்ணிகினு இருந்தான்னு கேக்க மாட்டாங்களா?"

ஜெயராமன் பேனாவை மூடினார். பிறகு திறந்தார்.

"சரி. நடந்ததையே எழுதுவோம்."

மோகனப்பிரியாவும் தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தாள். தட்டச்சு செய்து வந்ததை இரண்டு முறை படித்து, ‘சுமார் பன்னிரண்டு மணி’ என்பதை ‘பதினொன்று ஐம்பது’ என்று திருத்தச் சொன்னாள். நோட்டில் அப்படித்தான் குறித்திருந்தாள்.

மனு ஆகஸ்ட்டில் விசாரணைக்கு வந்தது. கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். அழகேசனின் வக்கீல் எழுந்து, இது ஜோடித்த கதை, அப்படி ஒரு பெண்ணே கிடையாது என்றார்.

"அந்தப் பொண்ணு வந்திருக்காங்களா?" என்றார் நீதிபதி.

மோகனப்பிரியா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து முன்னால் வந்தாள்.

"என்ன படிக்கிறீங்க?"

"கணிதம்ங்க."

"பேரைக் கூப்பிட்டப்ப உள்ளதான் இருந்தீங்களா?"

"இருந்தேங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

"பேசலாமான்னு தெரியலங்க."

நீதிபதி அவளை ஒரு நொடி பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினார். மனு அனுமதிக்கப்பட்டது. பதிலுரை தாக்கல் செய்ய மூன்று வாரம் அவகாசம். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். ஜெயராமன் வழக்குத் தாள்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு பக்கத்து நீதிமன்றத்துக்கு ஓடினார்.

கேட்டருகே அஞ்சலை அவளுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"கேசு பழையபடி வந்துச்சு. அது சரி. ஆனா ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு இந்த எடத்துல என்னைப் பாத்து சிரிச்சியே. அப்பவே உனுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்பவே சொல்லியிருந்தா ஊட்டுக்காச்சும் போயிருப்பேன். சாயங்காலம் வரிக்கும் உக்கார வெச்ச பாரு. அதுதான்மா எனுக்கு ஆறல."

அஞ்சலை இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு, "பஸ்ஸு வருது" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கஸ்தூரி சொன்னதைவிட அதிகமாகவே ஆட்கள் கழன்றுகொண்டார்கள். அந்த முகாமுக்கு வந்த இருபத்திரண்டு பேரில் அடுத்த ஆண்டு சட்டத்துக்கு விண்ணப்பித்தவர்கள் ஆறு பேர். நிர்மல் அவர்களில் இல்லை. கடைசி நாள் வரை மோகனப்பிரியாவும் விண்ணப்பிக்கவில்லை. ஆசிரியப் பயிற்சிக்கான படிவத்தையும் வாங்கி வைத்திருந்தாள். கடைசி நாள் மாலை ஆவடியில் ஒரு கணினிக் கடையில் உட்கார்ந்து சட்டப் படிப்புக்கான விண்ணப்பத்தை நிரப்பினாள். இரண்டாவது பட்டியலில் அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அழகேசனின் வழக்கு அப்போது சாட்சி விசாரணைக்கு வந்திருந்தது. பாதை இன்னும் திறந்தே இருந்தது.