ஜன்னல் சட்டி

என் வேலைக்கு ஒரே ஒரு வாக்கியம் தெரிந்தால் போதும். 'ஆமாங்க, அந்தச் சட்டியிலிருந்துதான்.'

பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்ன நாளில் என் குரல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. வகுப்பு முழுவதும் காத்திருந்தது. மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அப்படிப்பட்டவளுக்கு ஒரு வாக்கிய வேலை கிடைத்தால் விடுவாளா?

டிகேட்டர் தெருவில் 'முதலை வாய்' உணவகத்தின் வாசலில் மெனு அட்டையோடு நிற்பேன். தலைக்கு மேலே ஒரு பச்சை முதலை சமையல்காரத் தொப்பி போட்டுச் சிரிக்கும். அதன் கீழே 'அசல் கேஜன் சமையல்' என்று எழுதியிருக்கும். என் வலப்பக்கத்துக் கண்ணாடி ஜன்னலுக்குள் மிஸ் ஓடில் ஒரு பெரிய சட்டியைக் கிண்டிக்கொண்டிருப்பார். சுற்றுலா வந்தவர்கள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்துவிட்டு, "கம்போ இந்தச் சட்டியிலிருந்தா வருது?" என்று என்னைக் கேட்பார்கள். கம்போ என்றால் நண்டும் இறாலும் போட்டு, சோற்றில் ஊற்றிச் சாப்பிடும் கெட்டிக் குழம்பு. நான் என் வாக்கியத்தைச் சொல்வேன். உள்ளே போவார்கள்.

சட்டியில் இருந்தது சோளமாவு கரைத்த தண்ணீர், சிவப்புச் சாயம், நாலு பிரிஞ்சி இலை. அவர்கள் தின்ற கம்போ வேறு மாநிலத்திலிருந்து பிளாஸ்டிக் வாளியில் உறைந்து வரும். பின்கட்டில் சுடவைத்து மிளகாய்த்தூளைத் தூவுவார்கள். முதலாளி ஹால்ஸ்டெட் வடக்கே ஒஹையோவிலிருந்து வந்தவர். "கேஜன்னா காரம். சிவப்பா இருந்தாத்தான் ஜனங்க நம்புவாங்க" என்பார்.

மிஸ் ஓடில் ஊரின் ஏழாம் வார்டைச் சேர்ந்த கிரியோல் பெண்மணி. கேஜன்கள் சதுப்புக்காட்டு ஜனம், கிரியோல்கள் நகரத்து ஜனம். நாற்பது வருஷம் ஹோட்டல் அடுப்புகளில் நின்றவர். ஆனால் ஹால்ஸ்டெட் வேலைக்கு எடுத்தது அவரை அல்ல, அவருடைய சட்டியை. அடி கறுத்து, ஒரு பக்கம் நசுங்கி, பார்த்தாலே பசிக்கிற மாதிரி இருக்கும். 'சட்டியோடு வந்தால் வேலை' என்றாராம். அவர் வேலை பார்த்த ஹோட்டல் மூடிக்கிடந்த சமயம் அது. மிஸ் ஓடில் சட்டியோடு வந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, அல்சீட் வரும்வரை.

அல்சீட் கோவேறு கழுதை வண்டியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறவர். மிஸ் ஓடில் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். ஒரு புதன்கிழமை, பின்னால் ஆறு பேரை வைத்துக்கொண்டே வண்டியை ஜன்னல் முன்னால் நிறுத்தினார். நான் கதவைத் திறந்து பிடித்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"ஓடில், அது என்ன, சட்டியா சாயத் தொட்டியா?"

"உன் வேலையப் பாத்துட்டுப் போய்யா."

"போர்டுல கேஜன்னு போட்டிருக்கு. நீ எப்பம்மா சதுப்புக்காட்டுல போய்ப் பொறந்தே?"

"முந்தாநாள்."

"அது கெடக்கட்டும். கம்போ செவப்பா இருக்கே. தக்காளியா?" அல்சீட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார், சாவு வீட்டில் நிற்பது போல. "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல சொல்லத்தான் போறேன். ஓடில் கம்போவுல தக்காளி போடுறா."

எங்கள் பக்கத்தில் கம்போவில் தக்காளி போடுவது பாவம் மாதிரி. அது தெரியாமலே வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மிஸ் ஓடில் சிரிக்கவில்லை. வாளிக் கம்போ அவர் சமைத்ததல்ல என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சிவப்புத் தண்ணீர் அவர் கையால், அவர் சட்டியில், ஊர் பார்க்கக் கிண்டியது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் வந்தபோது ஜன்னலுக்குள் நண்டு இருந்தது. இறால், வெண்டைக்காய், புகையிட்ட சாசேஜ், வெங்காயம், செலரி, குடைமிளகாய் எல்லாம் சொந்தக் காசில் வாங்கி வந்திருந்தார். வீட்டிலேயே வடித்த சோறு மூடி போட்ட பாத்திரத்தில். மிஸ் ஓடில் கம்போவுக்கு அடிப்படையான ரூவுக்காக எண்ணெயில் மாவைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ் ஓடில், முதலாளி..."

"பேசாதே கண்ணு. ரூ அடிபிடிக்கும்."

முக்கால் மணி நேரம் கரண்டி நிற்கவில்லை. மாவு மணல் நிறமானது, வேர்க்கடலை நிறமானது. வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்த அல்சீட் கண்ணாடிக்கு வெளியே நின்று தன் கழுதையின் கரும்பழுப்பு முதுகைத் தட்டிக் காட்டினார். "செரஃபின் நிறம் வரணும். அதுக்கு முன்னால எறக்கினே, நான் பொறுப்பில்ல."

"கழுதைக்குக் கழுதைதான் அளவு" என்றார் மிஸ் ஓடில்.

செரஃபின் நிறம் வந்ததும் வெங்காயத்தைக் கொட்டினார். அந்த வாசனை கதவு வழியாகத் தெருவுக்குப் போயிற்று. பதினோரு மணிக்குக் கடை திறந்தபோது முதலைக்குக் கீழே முப்பது பேர் நின்றார்கள். பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். அந்தத் தெருவில் உள்ளூர்க்காரர்கள் சாப்பிட நின்று நான் பார்த்ததில்லை.

ஹால்ஸ்டெட் வந்தார். சட்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"யார் இதைச் சமைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வாசனையை இழுத்துவிட்டுச் சிரித்தார். "பிரமாதம், ஓடில். தினம் இப்படியே பண்ணு. ஆனா இதுல கை வைக்கக்கூடாது. சட்டி காலியாயிட்டா ஜன்னல்ல எதைக் காட்டுறது? உள்ள வழக்கமா குடுக்கிறதைக் குடுப்போம்." என் பக்கம் திரும்பினார். "நொயேலி, உன் வாக்கியத்தைச் சொல்லு. ஒழுங்காச் சொல்லலேன்னா நாளையிலேருந்து வராதே."

மிஸ் ஓடில் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். தண்ணீரைக் காட்டி வாளியை விற்றோம், அது பொய். இப்போது அவருடைய கம்போவைக் காட்டி வாளியை விற்கச் சொல்கிறார். அந்த வாளிக் கம்போவைத் தின்றுவிட்டு இந்த முப்பது பேரும் 'இதுதான் ஓடில் கை' என்று வீட்டுக்குப் போவார்கள்.

வரிசையில் முதலில் நின்ற அம்மாள் வைக்கோல் தொப்பி போட்டிருந்தார். "காலையிலேருந்து அசல் சாப்பாடு தேடி நாலு கடை ஏறி இறங்கிட்டோம்மா. நீ சொல்லு. எங்களுக்கு இந்தச் சட்டியிலேருந்துதானே குடுப்பீங்க?"

பத்தாம் வகுப்பில் போலவே எல்லாரும் காத்திருந்தார்கள்.

"இல்லீங்க" என்றேன்.

"என்னது?"

"உள்ள குடுக்கிறது வாளியில வருது. வேற மாநிலத்துலேருந்து. இந்தச் சட்டி வெறும் காட்சிக்கு."

ஹால்ஸ்டெட் என் கையிலிருந்த மெனு அட்டையைப் பிடுங்கினார். "ரெண்டு பேரும் கிளம்புங்க."

மிஸ் ஓடில் அடுப்பை அணைத்தார். மூடியைப் போட்டார். ஏப்ரனைக் கழற்றி மூடியையும் கைப்பிடியையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

"சட்டியை வெச்சுட்டுப் போ" என்றார் ஹால்ஸ்டெட்.

"சட்டி என்னோடது, மிஸ்டர் ஹால்ஸ்டெட். உள்ள இருக்கிறதும் என்னோடது. முதலை உங்களோடது, அதை நீங்க வெச்சுக்குங்க."

ஆளுக்கு ஒரு கைப்பிடியாகத் தூக்கினோம். கனம் தோளைப் பிடுங்கியது. கூட்டத்துக்குப் பக்கத்தில் வண்டியோடு நின்ற அல்சீட் இறங்கி வந்து அதன் பின் இருக்கையை ஒதுக்கிக் கொடுத்தார். சட்டி சுற்றுலாக்காரி மாதிரி ஏறி உட்கார்ந்தது. சோற்றுப் பாத்திரம் என் மடியில். செரஃபின் எஸ்பிளனேட் அவென்யூ பக்கம் நடந்தது. திரும்பிப் பார்த்தேன். வைக்கோல் தொப்பி பின்னால் நடந்து வந்தது. அதற்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர்.

எஸ்பிளனேட் வந்ததும் அல்சீட் கடிவாளத்தை இழுத்தார். "வண்டி ஓட்ட எனக்குக் குடுத்த லைசென்ஸ் இந்தத் தெருவோட முடியுது. இதுக்கு மேல ஒரு அடி வெச்சாலும் வண்டியப் புடுங்கிருவாங்க."

"நாங்க வெக்கிறோம்" என்றார் மிஸ் ஓடில்.

சாலைப் பாதியைத் தாண்டி, நடுவில் இருந்த புல்தரையில், ஓக் மரத்தடியில் சட்டியை இறக்கினோம். மூலைக் கடையில் காகிதக் கிண்ணம் வாங்கி வந்த அல்சீட்டுக்குத்தான் முதல் கிண்ணம். மூன்று வாய் சாப்பிட்டார். நாங்கள் காத்திருந்தோம்.

"உப்பு கம்மி."

"உன் வாய்க்கு உப்பு எதுக்குய்யா?"

"தக்காளி இல்ல" என்று ஒப்புக்கொண்டு கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

சாலைக்கு அந்தப் பக்கம் இன்னும் பலர் மெனு அட்டைகளைப் படித்துக்கொண்டு நடந்தார்கள். மிஸ் ஓடில் கரண்டியால் அவர்களைக் காட்டினார்.

"கூப்பிடு கண்ணு."

"என்னன்னு?"

"உனக்கு வாக்கியம் எழுதிக் குடுக்க நான் என்ன ஹால்ஸ்டெட்டா?"

முதல் தடவை என் குரல் கீச்சென்று வந்து பாதியில் நின்றது. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது அந்தப் பக்கம் நடந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.