நிற்கக் கூடாத கஞ்சி வண்டி

கொண்டாப்பூரில் ஃபாத்திமாவின் தள்ளுவண்டிக்கு நிற்கும் உரிமை கிடையாது. ஊர் முழுக்க நகரலாம், ஆனால் ஓரிடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் குற்றம். நாலடி தள்ளி நிறுத்திவிட்டு இடம் மாறிவிட்டது என்று கதை விடவும் வழியில்லை. நூறு அடிக்குள் எங்கே நின்றாலும் அது அதே இடம்தான் என்று வார்டு ஆபீஸில் கொடுத்த பச்சைத் தாளின் ஏழாவது விதி சொன்னது. அதை எழுதிய மகராசன் வாழ்நாளில் ஒரு டம்ளர் கஞ்சிகூட விற்றிருக்க மாட்டார்.

தெருக்கடைகளைக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தது காலை பதினொன்றரைக்கு. வந்தது நோன்பு மாதத்தில். நோன்புக் கஞ்சியைக் காலை பதினொன்றரைக்கு யார் விற்பார்கள், யார் குடிப்பார்கள்? மூன்று ஹாஸ்டல்களுக்கு நடுவே இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில் அவள் வண்டி நிற்பது சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை. வந்தவர்கள் மரத்தைப் பார்த்தார்கள், நிழலைப் பார்த்தார்கள், வண்டியைக் காணவில்லை. ‘நடமாடும் வியாபாரி’ என்று பதிந்துகொண்டு போய்விட்டார்கள். மரத்தடிதான் தன் இடம் என்று நிரூபிக்க வேண்டுமென்றால் நோன்புப் பெருநாள் கழித்துக் கமிட்டி முன்னால் ஆதாரத்தோடு வரவேண்டும். அதற்குள் மூன்று நோட்டீஸ் வாங்கினால் மனு தள்ளுபடி, வண்டியும் லாரியில் ஏறிவிடும்.

அந்த மரத்தடி அவளுக்கு வெறும் மரத்தடி இல்லை. கணவன் இர்பானின் கம்ப்யூட்டர் வேலைக்காக தமிழ்நாட்டு மேலப்பாளையத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து, ஐந்தாவது மாடியில் நான்கு வருஷம் குடியிருந்தாள். அங்கே அவளுக்குப் பேர் ‘ஃபைவ் நாட் டூ மேடம்’. வேறு பேர் இருப்பதாக யாரும் சந்தேகப்படவே இல்லை. சும்மா இருக்க முடியாமல் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மரத்தடியில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் விற்க ஆரம்பித்தாள். ஒரே வாரத்தில் ‘ஃபாத்திமாக்கா’ ஆகிவிட்டாள். அந்தக் கூப்பிடுதலுக்காக அவள் என்ன வேண்டுமானாலும் செய்வாள்.

முதல் நோட்டீஸ் எழுதியவர் ஐவி மேடம். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், வார்டு ஆபீஸில் இருபத்தாறு வருஷ சர்வீஸ். கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்கும்.

“பன்னெண்டு நிமிஷம் ஆச்சும்மா. வண்டி கைக்கு நிக்குது?” ஐவியின் தமிழில் ‘ஏன்’ எப்போதோ ‘கைக்கு’ ஆகியிருந்தது.

“கஞ்சி கொதி அடங்கணும்லா மேடம்.”

“கொதிக்கெல்லாம் ரூல்ல இடம் இல்ல. சைன் பண்ணு.”

மறுநாள் இரண்டாவது நோட்டீஸ். “இன்னொண்ணு எழுதினா வண்டி போயிடும். நக்கோம்மா, வேணாம்மா, என்னை எழுத வைக்காதே,” என்று சொல்லிவிட்டு ஐவி ஸ்கூட்டரில் போனார். கெஞ்சியது யார், மிரட்டியது யார் என்று ஃபாத்திமாவுக்குப் புரியவில்லை.

வீட்டில் இர்பான் தலையைச் சொறிந்தான். “பேசாம ஒரு மாசம் மூடிருவோமா?”

“எதுக்கு மூடணும்? நின்னாத்தானே குத்தம். நாளையில இருந்து நான் நிக்கவே மாட்டேன்.”

நிற்கவில்லை. மறுநாள் ஐந்தரைக்கு மரத்தடியிலிருந்து புறப்பட்ட வண்டி ஹாஸ்டல் வாசல், டிரான்ஸ்ஃபார்மர், ஜெராக்ஸ் கடை, முனைப் பள்ளிவாசல் என்று சுற்றி மறுபடி மரத்தடிக்கு வந்து, நிற்காமல் அடுத்த சுற்றுக்குக் கிளம்பியது. ஃபாத்திமா ஒரு கையால் தள்ளினாள், மறு கையால் கஞ்சி ஊற்றினாள். முதல் சுற்றில் கால்வாசி கஞ்சி ரோட்டுக்குப் போனது. இரண்டாவது சுற்றில் கை பழகிவிட்டது. இர்பான் ஆபீஸ் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் முன்னால் ஓடி, “ஜரகண்டி, ஜரகண்டி” என்று கூட்டத்தை விலக்கினான். பணம் கட்டும் க்யூஆர் அட்டையை அவன் முதுகில் ஒட்டியிருந்தாள். போனை நீட்டிக்கொண்டு பத்துப் பேர் அவன் முதுகைத் துரத்தினார்கள். அவன் நின்றால் வண்டி இடிக்கும், ஓடினால் வசூல் நிற்கும்.

நான்காவது நாள் ஊரே நடந்தது. நோன்பாளிகள் டம்ளரைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், மற்றவர்கள் குடித்துக்கொண்டே நடந்தார்கள். டாக்டர் நடக்கச் சொல்லியும் கேட்காத ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் வடைக்காக இரண்டு சுற்று வந்தார். ஹாஸ்டலில் தங்கியிருந்த தர்மபுரிப் பையன் தமிழ்ச்செல்வன் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தான்.

“அக்கா, ரெண்டு டம்ளர் கஞ்சி, மூவாயிரத்தி இருநூறு ஸ்டெப்பு. ஜிம்முக்குக் கட்டின காசு வேஸ்ட்டுங்க்கா.”

ஃபாத்திமாவுக்குச் சிரித்துச் சிரித்து விலா நொந்தது. கூட்டத்தின் கடைசியில் ஸ்டாப் வாட்ச்சோடு ஐவியும் நடந்தார். எங்கேயாவது நிற்குமா என்று பார்த்தார். எங்கேயும் நிற்கவில்லை.

ஐந்தாவது நாள் மரத்தடியைத் தாண்டும்போது நோன்பு திறக்கும் பாங்கு சொன்னார்கள். முந்தைய நாட்களில் பாங்கு நேரத்துக்கு வண்டி பள்ளிவாசல் முன்னால் இருந்தது. எல்லாரும் உள்ளே போய்விட, ஒரு மிடறு தண்ணீரோடு அவள் தள்ளிக்கொண்டே போய்விடுவாள். இன்று கூட்டம் அப்படி அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தது. இர்பானும் உட்கார்ந்தான். ஃபாத்திமா மட்டும் பேரீச்சம்பழத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு வண்டியைத் தள்ளினாள். பதின்மூன்று மணி நேரமாகப் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்க மறுத்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“எங்கே போறே?” என்றார் பின்னாலிருந்து ஐவி.

“நின்னா எழுதுவீகளே.”

“நோன்பு திறக்கலியா?”

“நடந்துக்கிட்டே திறந்துக்கிடுதேன் மேடம். எனக்கு இந்த இடம் வேணும்.”

ஐவி பையிலிருந்து பச்சை விதிப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, சர்ச்சில் வேதம் வாசிக்கும் குரலில் வாசித்தார். “விதி பதினாலு. அதிகாரி சோதனைக்கு நிறுத்தினா வண்டி நிக்கணும். சோதனை முடியற வரைக்கும் நகரக் கூடாது. அந்த நேரம் கணக்குல வராது.” புத்தகத்தை மூடினார். “சோதனை. வண்டிய நிறுத்து. நகர்ந்தே, எழுதிடுவேன்.”

ஃபாத்திமா நின்றாள். பேரீச்சம்பழம் வாய்க்குள் போனது. அவ்வளவு இனிப்பான பழத்தை அவள் அதுவரை தின்றதில்லை.

அப்படியொரு சோதனையை அந்தத் தெரு கண்டதில்லை. ஐவி பானை மூடியைத் தூக்கினார், அகப்பையைத் திருப்பிப் பார்த்தார், தண்ணீர் கேனைத் தட்டினார், வடையை எண்ணினார். எண்ணிக்கை தப்பிவிட்டது என்று முதலிலிருந்து எண்ணினார். முப்பத்தெட்டு நிமிடம் ஆயிற்று.

“ஒரு டம்ளர் குடிச்சுப் பாருங்க மேடம்.”

“லெந்து நாள்மா, எங்க நோன்பு. கறி தொட மாட்டேன்.”

“கறி போடாம ஒரு சின்னப் பானை வைக்கட்டா?”

“உன் கேஸு நடக்குது. இப்போ குடிச்சா லஞ்சம்.” சொன்னவர் குனிந்து ஆவியை மட்டும் ஆழமாக மோந்துகொண்டார். மோந்து பார்ப்பது சோதனையில் சேர்த்திதான்.

மறுநாளும் ஆறு இருபதுக்கு மரத்தடியில் சோதனை. அதற்கு மறுநாளும். ஒருநாள் சூட்டை அளக்கக் கருவி கொண்டுவந்தார். ஒருநாள் சக்கரத்தின் ஆணிகளை எண்ணினார். ஒவ்வொரு நாளும் ரிஜிஸ்டரில் ஒரு பக்கம் எழுதி, ஃபாத்திமாவிடம் கையெழுத்து வாங்கினார். ஆறேகால் வரை ஊர்வலம், பிறகு சோதனை என்று கூட்டத்துக்கும் பழகிவிட்டது.

பெருநாள் போய் நான்காம் நாள் கமிட்டி. மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். “மரத்தடிதான் உங்க இடம்ங்கிறதுக்கு என்ன ஆதாரம்?” என்று தலைவர் தெலுங்கில் கேட்டார். இர்பான் பெருமையாகத் தமிழ்ச்செல்வனின் படங்களை ஓடவிட்டான். வண்டி போனது, வந்தது, வளைந்தது, பறந்தது. ஒரு படத்திலும் நிற்கவில்லை. தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். இதைவிட ஒழுங்காக நடமாடும் வண்டி இந்த ஊரிலேயே இல்லை, ‘நடமாடும் வியாபாரி’ என்ற பதிவே சரிதான் என்றார்.

நிற்காமல் இருக்கத் தான் பட்ட பாடே தன் காலை வாரிவிட்டது என்று ஃபாத்திமாவுக்குப் புரிந்தது.

அப்போது ஐவி எழுந்து ரிஜிஸ்டரை மேஜைமேல் வைத்தார். இருபது பக்கம். எல்லாப் பக்கத்திலும் ஒரே எழுத்து: இடம், மரத்தடி. நேரம், ஆறு இருபது. வண்டி, நிற்கிறது. கீழே ஃபாத்திமாவின் கையெழுத்து, ஆபீஸ் முத்திரை.

தலைவர் புரட்டிப் பார்த்தார். “ஒரே வண்டியை இருபது நாள் சோதிச்சிருக்கீங்களே, எதுக்கு?”

“திருப்தியா இல்லை சார்.”

“பத்து நிமிஷத்துக்கு மேல நின்னிருக்கே?”

“விதி பதினாலு சார். அது கணக்குல வராது. ஆனா நான் போனப்ப எல்லாம் அங்கேதான் இருந்தது.”

தலைவர் ஐவியைப் பார்த்தார். ஐவி ஜன்னலைப் பார்த்தார். ஃபாத்திமாவின் மனுமேல் முத்திரை விழும் சத்தம் கேட்டது. ஃபாத்திமாவுக்கு ஐவியைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஸ்டாப் வாட்ச் குத்தும் என்று விட்டுவிட்டாள்.

மரத்தடியில் வெள்ளைக் கோடு போட்டு ஒரு கட்டம் வரைந்தார்கள். முதல் சாயங்காலம் நோன்பு இல்லாவிட்டாலும் அவள் கஞ்சிதான் வைத்தாள், ஒரு சின்னப் பானை கறி போடாமல். ஐந்தரைக்குக் கூட்டம் வந்தது, டம்ளரை வாங்கியது, பழக்க தோஷத்தில் மொத்தமும் ஜெராக்ஸ் கடைப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டது. இர்பானும் முதுகில் அட்டையோடு முன்னால் ஓடினான். ஃபாத்திமாவின் கை தானாகக் கைப்பிடியை அழுத்தியது.

“கோட்டைத் தாண்டினே, எழுதிடுவேன்,” என்றபடி ஐவி வந்து நின்றார். “கேஸு முடிஞ்சது. அந்தச் சின்னப் பானையில ஒண்ணு ஊத்து. எவ்ளோன்னு சொல்லு, காசு வாங்கிக்கணும்.”

“சரிங்கக்கா,” என்று ஊற்றிக் கொடுத்தாள் ஃபாத்திமா. ஐவி ஊதி ஊதி, நின்ற இடத்திலேயே பன்னிரண்டு நிமிடம் குடித்தார். ஸ்டாப் வாட்ச்சைத் தொடவில்லை.

நடக்கப் போனவர்கள் சுற்றி முடித்துத் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வண்டி அவர்கள் விட்டுப்போன இடத்திலேயே இருந்தது, அவளும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.