மூன்றாவது தடவை

நான் செய்ததை ஒரே வரியில் சொல்லிவிடலாம். என் அக்கா புருஷனை முந்நூறு பிள்ளைகள் நடுவில் கேலிப்பொருளாக்கினேன், அதுவும் தெரிந்தே செய்தேன். மிச்சம் சொல்லப்போவதெல்லாம் சமாதானம்தான். சமாதானம் சொல்வதில் நான் கெட்டிக்காரன், நடிகனாயிற்றே.

பழைய பிரெஞ்சு நகைச்சுவை நாடகங்களை ஒரு பாடவேளைக்குள் அடங்குகிற மாதிரிச் சுருக்கி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோய்ப் போடுவது எங்கள் தொழில். குழுவில் மூன்றே பேர். பெட்டிக்காரர் தலைவர். உடை, முகமூடி, பொய்முடி எல்லாம் இருக்கும் தகரப் பெட்டி அவருடையது, அதனால் அந்தப் பெயர். மகள் என்பவள் எங்கள் யாருக்கும் மகள் இல்லை. வயது முப்பத்தெட்டு. எந்த நாடகமானாலும் கல்யாணம் நிச்சயிக்கப்பட்ட மகளாகவே வருவதால் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கு எப்போதும் கிழட்டு அப்பா வேஷம்.

அந்தக் காலத்து ராஜாக்கள் விழுந்து விழுந்து சிரித்த சமாச்சாரம்தான். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை ராஜாவைவிடக் கறார். பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே கொட்டாவி விடும். அதற்குப் பெட்டிக்காரர் ஒரு வழி வைத்திருந்தார். உப்புப் போடுவது என்பார். நாடகம் தொடங்குவதற்கு முன்னால் நாலைந்து பிள்ளைகளைப் பிடித்து, "உங்க ஸ்கூல்ல யாரை மாதிரி நடிச்சா எல்லாரும் சிரிப்பாங்க?" என்று கேட்க வேண்டும். அவர்கள் ஒரு வாத்தியாரையோ வாட்ச்மேனையோ நடித்துக் காட்டுவார்கள். அந்த நடையையோ இருமலையோ கிழவர் மேல் ஏற்றிவிட வேண்டும். எந்த வைத்தியரை, எந்தப் பிரபுவைக் கிண்டல் செய்கிறார்கள் என்று அந்தக் காலத்து ஜனங்களுக்கும் தெரிந்துதானே இருந்தது, அதனால் இது கலப்படம் இல்லை, பரம்பரை முறை என்று பெட்டிக்காரர் அடித்துச் சொல்வார். நானும் தலையாட்டிக்கொண்டு பதினோரு வருஷம் உப்புப் போட்டேன்.

மாமா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்ததே மாமாதான். கணக்கு வாத்தியார். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம். "வெளிநாட்டு நாடகமெல்லாம் நம்ம பசங்களுக்கு எதுக்கு சார்?" என்று கேட்ட தலைமையாசிரியையிடம் நாலு தடவை போய் நின்றிருக்கிறார். "சிரிச்ச மூளையில கணக்கு நல்லா ஏறும் மேடம்" என்றாராம். எனக்காக யாரிடமும் போய் நிற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

நாடகத்தன்று காலை மேடைக்குப் பின்னால், பரீட்சை மேஜைகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில், ஐந்து பிள்ளைகளைப் பிடித்து வழக்கமான கேள்வியைக் கேட்டேன். ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "ரெண்டாம் பெல் சார்!"

"யாருப்பா அது?"

"ஜோக் சொன்னா நாங்க எல்லாரும் சிரிப்போம் அங்கிள், அது ஃபர்ஸ்ட் பெல். அவரு அப்புறமா சிரிப்பாரு. அது ரெண்டாம் பெல்." சொன்ன பெண் உடனே நடித்துக் காட்டினாள். முகவாயைத் தூக்கினாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். பிறகு திடீரென்று தோள் குலுங்க, "ஹா! ஹா!"

யாரென்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. வீட்டிலும் மாமா அப்படித்தான். நாங்கள் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் சிரிக்கத் தொடங்குவார். அதற்காகவே இன்னொரு சிரிப்பு கிளம்பும். "உங்க மாமாவுக்கு ஜோக்கெல்லாம் தபால்லதான் வந்து சேரும்" என்பாள் அக்கா. ட்யூப்லைட் என்று நானே எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். அவரும் அதற்குச் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

வீட்டில் சிரிப்பதுதானே, மேடையில் சிரித்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது.

நாடகத்தின் கதை இதுதான். கிழவர் தன் மகளை ஒரு பொய்முடி வியாபாரிக்குக் கட்டிவைக்கத் துடிக்கிறார். காரணம், மாப்பிள்ளையாக வருகிறவன் ஆயுசுக்கும் அவர் வழுக்கையை மூடித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். வீட்டு வேலைக்காரன் இருவரையும் ஏமாற்றிப் பெண்ணைக் காப்பாற்றுகிறான். வியாபாரி, வேலைக்காரன் இரண்டும் பெட்டிக்காரரே. கிழவருக்கு அரை முகமூடி. நெற்றியிலிருந்து மூக்கு வரை மூடியிருக்கும், வாய் மட்டும் வெளியே தெரியும்.

முதல் பத்து நிமிஷம் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. பின் வரிசையில் யாரோ பேப்பர் ராக்கெட் விட்டார்கள். தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாமா முன் வரிசை ஓரத்தில், பாதி எங்களையும் பாதி கூட்டத்தையும் பார்க்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. மச்சான் மானம் போகிறதே என்ற கவலை.

அப்போதுதான் உப்பை எடுத்தேன். வியாபாரி ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, மகள் சிரிக்க, கிழவனான நான் முகவாயைத் தூக்கி, இடது பக்கம் பார்த்து, வலது பக்கம் பார்த்து, தோளைக் குலுக்கினேன்: "ஹா! ஹா!"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கூடம் வெடித்தது. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். அத்தனை பேரும் சிரிப்பதைக் கண்ட மாமா, இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

பிள்ளைகள் மேடையையும் பார்த்தார்கள், அவரையும் பார்த்தார்கள். அவ்வளவுதான். இனி அவர்களை எவனாலும் பிடிக்க முடியாது. ராக்கெட் விட்டவன் பெஞ்ச் மேல் ஏறி நின்றான்.

ஒரு சேட்டையை மூன்று தடவை செய்ய வேண்டும் என்பது பெட்டிக்காரரின் சட்டம். முதல் தடவை ஜனங்கள் கண்டுகொள்வார்கள், இரண்டாம் தடவை ரசிப்பார்கள், மூன்றாம் தடவை வருமா வருமா என்று காத்திருந்து வந்ததும் கூரையைப் பிய்ப்பார்கள். மூன்றாவதைக் கொடுக்காதவன், சாப்பிடக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுச் சோறு போடாதவன் என்பார். எனவே இரண்டாவதற்கு வழி செய்தேன். வியாபாரியிடம் ரகசியம் பேசுகிற இடத்தில், என் வாயைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு வசனத்தைச் சத்தமாகவே சொன்னேன். சொல்லும்போது மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், கைக்குட்டை ஏறியதும் தவித்துப்போனார். கண் என் வாயைத் தேடியது. கிடைக்கவில்லை. சட்டென்று பக்கத்து நாற்காலி ஆசிரியையின் முகத்துக்குப் போனது. அவர் சிரிக்கிறாரா என்று பார்த்தது. அங்கிருந்து பிள்ளைகளுக்கு. நான் தோளைக் குலுக்கி, கூடம் மறுபடி வெடித்த பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

இருபது வருஷமாக மேடையில் நின்று மனிதர்களின் முகத்தைப் படிப்பவன் நான். மாமா மந்தம் இல்லை. அவருக்குக் காது கேட்கவில்லை. என் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் பிள்ளைகளின் உதட்டைப் படித்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அது வெளியே தெரிந்தால் வகுப்பைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதால் வீட்டில்கூட மூச்சு விடாமல், ட்யூப்லைட் என்ற பெயரைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு மேடையில், கைக்குட்டையைக் கையில் பிடித்தபடி, தெளிவாக விளங்கியது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். இருமலோ தும்மலோ வேறு எதையாவது போட்டுச் சமாளிக்க எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் முந்நூறு பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதற்குக் காத்திருந்தார்கள். அப்படி ஒரு அமைதி என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

கைக்குட்டையை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனேன். நேராக மாமாவைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே செய்தேன்.

கூரை பிய்ந்தது. மாமாவும் சிரித்தார். முன்னைவிடச் சத்தமாக, கையைத் தட்டிக்கொண்டு.

நாடகம் முடிந்து நான் முகமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மாமா எனக்குப் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேடைப் படியேறி வந்தார். தலைமையாசிரியை அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, "சார்" என்று கூப்பிட்டார். மாமா திரும்பவில்லை. "சார்" என்றார் மறுபடியும். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவர் குரலில் சந்தேகம் இல்லை, முடிவு இருந்தது. அந்தம்மாவும் முகம் படிக்கத் தெரிந்தவர்தான், கைக்குட்டை ஏறியபோது மாமா தவித்ததை அவரும் பார்த்திருக்கிறார்.

அடுத்த வாரம் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இடது காது அறவே கேட்காது, வலது காதில் கால் பங்குதான் கேட்கும். மெஷின் கொடுத்தார்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அது எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கொட்டி இரைச்சலாக்கியது. வகுப்பு போயிற்று. மூன்றாவது மாடியில் பழைய கேள்வித்தாள்களை அடுக்கும் அறையில் மாமாவுக்கு நாற்காலி போட்டார்கள். மரியாதையாகத்தான் செய்தார்கள், பொன்னாடை போர்த்தாத குறை.

எங்களுக்கு? தலைமையாசிரியை வாய் ஓயாமல் சொன்ன பாராட்டில் இன்னும் எட்டுப் பள்ளிக்கூடங்கள் கிடைத்தன. பெட்டிக்காரர் அந்தச் சேட்டையை நாடகத்தில் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டார். வேண்டாம் என்றேன். "ஏன்?" என்றார்.  நாலு பள்ளிக்கூடத்தில் செய்தேன். நாலிலும் கைதட்டல் வாங்கினேன். ஒவ்வொரு கைதட்டலும் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. ஆனாலும் வாங்கினேன்.

ஐந்தாவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா என்னைக் கண்டதும் அழுதாள். "ஏழு வருஷமா கேக்கலையாம்டா. ஏழு வருஷமா நான் இந்த மனுஷனை ட்யூப்லைட்டு ட்யூப்லைட்டுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். பக்கத்துல படுத்துக்கிட்டு இருக்கறவளுக்கே தெரியலை."

"அக்கா, அந்த நாடகத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"அதுக்கு நீ என்னடா பண்ணுவே? நீ என்ன தெரிஞ்சா பண்ணினே?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குச் சாப்பாடு செய்யச் சமையலறைக்குப் போனாள். 

மாமா முன் அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. மிக்ஸி சத்தத்துக்கு மெஷின் காதுக்குள் விசிலடிக்கும் போல. முகத்தைச் சுளித்துக்கொண்டு கழற்றி மேஜை மேல் வைத்தார். எதிரே உட்கார்ந்த நான் என் கைகளைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகளிடம் கேட்டது, கைக்குட்டை, இரண்டாவது தடவையே எனக்கு விளங்கிவிட்டது, மூன்றாவது தடவை. ஒன்றையும் மறைக்கவில்லை. மிக்ஸி நின்றபோது நானும் நிறுத்தினேன். சொல்லிவிட்டோம் என்று கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

"மாப்ளே" என்றார் மாமா. "ஏதோ சொன்னே. குனிஞ்சுக்கிட்டே சொன்னே. மெஷினை எடுத்து வச்சப்புறம் சொன்னே."



அவர் மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். நாற்காலியை இழுத்து, முழங்கால் இடிக்கிற தூரத்தில் என் எதிரே போட்டார். "நிமிந்து சொல்லு. மூஞ்சியக் காட்டினாத்தான் எனக்குக் கேக்கும்."

கேட்காது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். நிமிர்ந்தேன். "உங்களுக்குக் கேக்கலைன்னு ரெண்டாவது தடவையே தெரிஞ்சிடுச்சு மாமா. தெரிஞ்சுதான் மூணாவது தடவையும் பண்ணினேன்."

அக்கா, "அடப்பாவி" என்றாள். அதைத் திட்டாகச் சொல்லவில்லை, அடிபட்டவள் மாதிரி சொன்னாள்.

மாமா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கும் தெரியும்" என்றார். "மூணாவது தடவை என்னைப் பார்த்துக்கிட்டேதானே பண்ணினே. வாயை மூடிக்கிட்டா கண்ணு தெரியாதா? உன் கண்ணுல இருந்துச்சு, உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு. நான் மட்டும் அப்ப சிரிக்காம உக்காந்திருந்தா, பசங்க என் மூஞ்சியப் பார்த்துட்டு அடங்கிப்போயிருப்பாங்க. உன் நாடகம் அதோட படுத்திருக்கும்." காதிலிருந்த மெஷினைச் சரிசெய்துகொண்டார். "அந்த ஒரு தடவைதான் நான் யாரையும் பார்க்காம சிரிச்சேன். உனக்காகச் சிரிச்சேன்."

தலை தானாகக் குனியப் பார்த்தது. குனிய முடியவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.