கடைசியில் வரும் பெயர்

"தகப்பன் பேரை முழுசா எழுது. ஒத்தை எழுத்துல முடிக்காதே" என்றார் கலியாணசுந்தரம்.

தம்பி மகன் நடராஜன் குனிந்து மறுபடி எழுதினான். பத்திரிகைக்கான மரண அறிவித்தல் அது. பன்னிரண்டு மணி பஸ்ஸில் கோலாலம்பூருக்குப் போனால்தான் நாளை அச்சாகும்.

நடுவீட்டில் தேவதாஸைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று கோலாலம்பூர் ரப்பர் ஆராய்ச்சிக்கூடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன், விடிகாலையில் வேனில் மலாக்கா, காஜா பெராங் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். முப்பத்தொன்பது வயது. அவன் காலருகே மனைவி ருக்மணி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான்கு மணிக்குத் தகப்பனே கொள்ளி வைக்கவேண்டும்.

கலியாணசுந்தரம் அழவில்லை. தபால் நிலையத்தில் முப்பது வருடம் பேரேடு எழுதிய பெரிய கிராணி, தலைமை எழுத்தர். வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு, வந்தவர்களை நின்றபடியே எதிர்கொண்டார்.

செமாபோக்கிலிருந்து வந்த பொன்னுதுரை மலர்வளையத்தை ஏற இறங்கப் பார்த்தார். "டைரக்டர் ஆயிருந்தா ஆபீஸ்லருந்து இன்னும் பெருசா வந்திருக்கும் லா. நம்ம பையனுக்கு என்ன கொறைச்சல்?"

"என் மகனுக்கு ஒரு கொறையும் இல்ல. தேர்ந்தெடுத்தவனுக்குத்தான் கண்ணு கொறைச்சல்."

ஊராருக்கு இப்படி. வீட்டுக்குள் அவர் சொன்னது வேறு.

போன வருடம், சிங்கப்பூர் பிரிந்த சமயம், ஆராய்ச்சிக்கூடத்தின் வெள்ளைக்கார டைரக்டர் தம் நாட்டுக்குத் திரும்பினார். அந்த நாற்காலிக்கு உள்ளூர்க்காரர் ஒருவரைத் தேடினார்கள். யாருடைய கட்டுரையை உலகத்தில் எத்தனை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று பெயர்வாரியாகச் சொல்லும் தடித்த புத்தகம் ஒன்று அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்திருந்தது. கமிட்டி அதைப் புரட்டியது. தேவதாஸ் என்ற பெயருக்கு எதிரே மூன்று. போட்டியில் இருந்த இன்னொருவருக்குப் பத்தொன்பது. நாற்காலி அவருக்குப் போயிற்று.

தீபாவளிக்கு வந்த மகனைச் சாப்பாட்டில் உட்காரவைத்துக் கேட்டார். "பத்து வருஷமா ரப்பர் இலையப் பார்த்துக்கிட்டு இருக்கே. உலகத்துல மூணு பேருக்குத்தான் உன்னைத் தெரியுது. இதுக்கா உன்னை லண்டன் வரைக்கும் அனுப்பினேன்?"

தேவதாஸ் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ருக்மணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் ரசம் எடுக்க உள்ளே போய்விட்டாள். அதன்பின் தகப்பனும் மகனும் மழையைப் பற்றியும் பஸ் நேரத்தைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

பதினோரு மணிக்குச் சிஹாபுதீன் வந்தான். ஆராய்ச்சிக்கூடத்தில் தேவதாஸின் பக்கத்து மேசைக்காரன். நண்பனின் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான்.

"ஐயா, இது அவன் மேசையில இருந்துச்சு. உங்ககிட்டதான் இருக்கணும்னு எடுத்தாந்தேன்."

மகனின் பொடிக் கையெழுத்து. மேலே ஆங்கிலத்தில் கலியாணசுந்தரம் என்று அவருடைய பெயர். அதை ஒட்டி, தேவதாஸுக்கு ஒற்றை எழுத்து. கீழே வரிவரியாக ஆட்கள், ஊர்கள், வருடங்கள். கடைசி வரிக்கு எண் நாற்பத்தொன்று.

"என் பேரு எதுக்கு இதுல?"

"வெள்ளைக்காரனுக்குக் கடைசியில வர்றதுதான் குடும்பப் பேருங்கய்யா. மொத ரெண்டு கட்டுரையில கே. தேவதாஸ்னு போட்டான். அது தேவதாஸ்ங்கிற பக்கத்துல ஏறிடுச்சு. அப்புறம் எழுதின நல்ல கட்டுரை எல்லாத்துலயும் தேவதாஸ் கலியாணசுந்தரம்னு முழுசாப் போட்டான். அதை எடுத்துக்காட்டின நாப்பத்தொரு பேரும் உங்க பேருக்குக் கீழ போயிட்டாங்க. கமிட்டி அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்ல." ஆறுதலாக இருக்கட்டும் என்று சிஹாபுதீன் மெல்லச் சிரித்தான். "பிரேசில், சிலோன், எங்க பார்த்தாலும் உங்க பேருதாங்கய்யா இருக்கு."

அந்த முதல் இரண்டு கட்டுரைகளின் அச்சுப் பிரதிகளை மகன் இந்த வீட்டு மேசைமேல் கொண்டுவந்து வைத்தது அவருக்கு நினைவு வந்தது. அவர் கண்ணாடியை மாட்டி, பெயரை மட்டும் படித்தார். "உன்னைப் பெத்தவன் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியுமா?" என்று கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே, இனி முழுதாகப் போடுகிறேன் என்றான்.

"அவனுக்கு இது தெரியுமா?"

"தெரியும். கமிட்டிக்கு எழுதிப் போடுடான்னேன். எழுதினா, இனிமே பழையபடி ஒத்தை எழுத்தே போடுங்கன்னுதான் சொல்வாங்க, அதை அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னான். அதோட விட்டுட்டான்."

ருக்மணி சுவரிலிருந்து பார்வையை எடுத்து மாமனாரைப் பார்த்தாள். பிறகு மறுபடி சுவரைப் பார்த்தாள்.

நடராஜன் தாளோடு வந்தான். "பெரியப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஒருக்கா பார்த்துடுங்க."

மலாக்கா, காஜா பெராங் கலியாணசுந்தரம் அவர்களின் ஏகபுத்திரன் தேவதாஸ் கலியாணசுந்தரம் என்று ஆரம்பித்தது அது. அவர் கேட்டபடியே முழுதாக எழுதியிருந்தான்.

பேனாவைக் கேட்டு வாங்கினார். தம் பெயரை இரண்டு இடத்திலும் அடித்தார். கிராணி கை, கோடு நேராக விழுந்தது.

"உங்க பேரு இல்லாட்டி எப்படி பெரியப்பா? எந்த தேவதாஸ்னு கேப்பாங்களே."

மை இன்னும் ஈரமாக இருந்தது. தாளை ஓரத்தில் பிடித்துக்கொண்டு, அது காயும்வரை ஊதியபடி மகனுக்குப் பக்கத்தில் நின்றார்.