பதர் விழுந்த தூரம்

ஜமுனாமரத்தூரில் நடந்த பள்ளி அறிவியல் கண்காட்சியில் என் மேசைமேல் தெர்மகோல் பந்து ஒன்றுகூட இல்லை. மற்ற ஒன்பதாம் வகுப்புக்காரர்கள் எல்லோரும் பெயின்ட் அடித்த பந்துகளைக் கம்பியில் மாட்டி வைத்திருந்தார்கள். நான் கொண்டுபோனது ஒரு முறமும், மாடு மிதித்து இன்னும் தூற்றாத அரை மூட்டைச் சாமையும்தான். 'சூரியக் குடும்பம் உருவான விதம்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

நடுவர் கோபால்சாமி மலைக்குக் கீழே ஒடுகத்தூரிலிருந்து வந்தவர். அட்டையைப் படித்தார், முறத்தைப் பார்த்தார், சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

"இன்னாமா இது? விவசாயப் பிரிவு அந்தாண்ட இருக்குது. அங்க போய் வெச்சுக்கோ." கையிலிருந்த தாளில் என் பெயருக்கு நேராக 'விவசாயம்' என்றே எழுதிவிட்டார்.

அறிவியலில் ஜெயித்தால் திருவண்ணாமலைக்கு, மாவட்டப் போட்டிக்குப் போகலாம். ஒருவருக்குத்தான் இடம். விவசாயத்தில் ஜெயித்தால் மண்வெட்டி தருவார்கள். எங்கள் வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன.

"போவ மாட்டேன் சார். வெளிய வாங்க, காட்டுறேன்."

மைதானத்தில் காற்று நன்றாக அடித்தது. கூட வந்த மலைச் சனங்கள் யாரும் சொல்லாமலே என் முதுகுப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். தூக்கிய முறத்தைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைகூட அங்கேதான் நிற்கும். அவர் மட்டும் எதிரே நின்றார். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முறத்தைத் தலைக்குமேல் தூக்கிச் சரித்தேன்.

"நானூத்தி அறுவது கோடி வருசத்துக்கு முந்தி கோளே இல்ல சார். வாயுவும் தூசியும் ஒண்ணா கலந்த மேகம், இந்த மூட்டை மாதிரி. அது சுத்திச் சுருங்கி, களம் மாதிரி தட்டையாச்சு. களத்துல மாடுங்க எல்லாம் ஒரே பக்கமாதான சுத்தும்? அதான் கோளுங்களும் இன்னிக்கு வரைக்கும் ஒரே பக்கமா சூரியனைச் சுத்துது. நடுவுல சூரியன் பத்திக்கிச்சு. சூடு தாங்குற கல்லும் இரும்பும்தான் கிட்டத்துல தங்குச்சு. அதுலதான் பூமி ஆச்சு. தோ, என் கால்கிட்ட விழுவுதே மணி, அது மாதிரி. லேசானதெல்லாம் தூரத்துல, குளிர்லதான் சேந்துச்சு. இங்க பிரிக்கிறது காத்து, அங்க பிரிச்சது சூடு. அவ்ளோதான் வித்தியாசம்."

மணி என் காலடியில் குவிந்தது. பதர் பறந்துபோய் அவருடைய இஸ்திரி போட்ட சட்டையிலும் கண்ணாடியிலும் அப்பிக்கொண்டது. இருமினார். கழுத்தைச் சொறிந்தார்.

"நீங்க நிக்கிற எடம் வியாழன் சார்."

என் பின்னால் கொல்லென்று சிரித்தார்கள். அவர் முகம் சிறுத்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மடக்கிவிட்டதாக நினைத்துக் கேட்டார்:

"அப்போ சூரியன் எங்க?"

"நான் நிக்கிற எடம் சார்."

அவர் என் காலடியைப் பார்த்தார், பிறகு தன் சட்டையைப் பார்த்தார். பேனாவை எடுத்து 'விவசாயம்' என்பதை அடித்தார்.

"பேரு இன்னா சொன்ன?"

தாளில்தான் இருந்தது. இருந்தாலும் மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"தேவயானி!"